எத்தனை டிகிரி? பழைய இஞ்சினின் டைமிங்கும் ஐடிலிங்கும்

சிக்னலில் நிற்கும்போது குலுங்கி, இரண்டு முறை இருமி, அணைந்துபோகும் பழைய கார் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். டைமிங் வைக்க வேண்டும் என்பார்கள். இல்லையேல் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்பார்கள். டைமிங் என்றே முடிவானாலும் அடுத்த கேள்வி உடனே எழும்: எத்தனை டிகிரியில் வைப்பது, எதைக் கொண்டு அளப்பது? நூறாண்டுக்கும் மேலாக இதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலும் அதற்குரிய காலத்தின் பெட்ரோலையும் கருவியையும் ஒட்டிப் பிறந்தது. காலம் மாறிய பின்னும் பதில்கள் மட்டும் பட்டறைகளில் தங்கிவிட்டன. அவற்றை வரிசையாக எடுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாகக் கொள்வது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 1950களில் கொண்டுவந்த பி-சீரிஸ் இஞ்சின். அதன் 1489 சி.சி. வடிவம் நம் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியது. 1798 சி.சி. வடிவம் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. இன்றும் உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும் இஞ்சின் என்பதால், இதைப் பற்றிய வாதங்களுக்குக் குறைவே இல்லை.

கேள்வி பிறந்த இடம்

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை தீப்பொறி பட்டவுடன் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. சுவாலை சிலிண்டர் முழுதும் பரவச் சில மில்லி விநாடிகள் ஆகும். பிஸ்டன் உச்சத்தைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கி ஏறத்தாழ 15 டிகிரி ஆகும்போது அழுத்தம் உச்சமடைந்தால்தான் அதிக விசை கிடைக்கிறது. ஆகவே பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பது வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 800 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி விநாடியில் 4.8 டிகிரி நகர்கிறது. 4000 சுற்றில் 24 டிகிரி. சுவாலை அதே அளவுக்கு விரைந்துவிடாது. வேகம் கூடக்கூடப் பொறியை முன்தள்ள வேண்டிய தேவை இதனால் வருகிறது.

ஃபோர்டு மாடல் டி காரில் இந்த வேலை ஓட்டுநரின் கையில் இருந்தது. ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இருந்த நெம்புகோல் ஒன்றைத் தள்ளித் தள்ளி அவரே அட்வான்ஸ் செய்துகொண்டார். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1910ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் வந்த பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட அமைப்புதான் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அடித்தளமானது. பிறகு சுழலும் எடைகள் வேகத்துக்கேற்ப அட்வான்ஸ் தந்தன. 1930களில் பரவிய வெற்றிடச் சவ்வு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது கூடுதலாகக் கொடுத்தது. ஓட்டுநரின் கை செய்ததை டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து ‘டைமிங்’ என்ற சொல்லுக்குள் மூன்று அளவுகள் சேர்ந்தே இருக்கின்றன: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைக்கும் தொடக்க அளவு, எடைகள் சேர்ப்பது, சவ்வு சேர்ப்பது. பட்டறையில் நாம் திருப்புவது முதலாவதை மட்டுமே. ஐடிலிங் என்பதோ மற்ற இரண்டும் விழிக்கத் தொடங்கும் வாசல். வாதங்களில் பெரும்பகுதி இந்த வாசலில்தான் நடக்கிறது.

புத்தகத்தில் உள்ள எண்

மிகப் பழைய, மிக மரியாதைக்குரிய நிலைப்பாடு: தயாரித்தவர் சொன்ன எண்ணில் வை. டெஸ்ட் லைட்டைக் காயில் முனையில் மாட்டி, கிராங்க்கைக் கையால் திருப்பி, குறிப்பிட்ட டிகிரியில் பாயிண்ட் திறக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினால் முடிந்தது. இஞ்சின் ஓடவே வேண்டாம். இதன் பலம் மறுக்க முடியாதது. எந்தக் கருவியும் இல்லாத ஊரிலும் காரைக் கிளப்பி ஓட்டிவிடலாம்.

ஆனால் அந்த எண்ணைக் கூர்ந்து படித்தால், அது எவ்வளவு நிபந்தனைகளைச் சுமந்திருக்கிறது என்பது தெரியும். தொடக்க கால எம்.ஜி.பி.யின் அதிக அழுத்த வடிவத்துக்கு, நிற்கும் இஞ்சினில் உச்சத்துக்கு 10 டிகிரி முன்பு என்கிறது கையேடு; டைமிங் லைட் கொண்டு 600 சுற்றில் பார்த்தால் 14 டிகிரி என்கிறது. ஒரே டிஸ்ட்ரிபியூட்டருக்கு இரண்டு எண்கள். இடையிலுள்ள 4 டிகிரி, 600 சுற்றிலேயே எடைகள் நகரத் தொடங்கிவிட்டதைக் காட்டுவதாகவே கொள்ள வேண்டும். அப்படியானால் 900 சுற்றில் ஐடிலிங் வைத்திருக்கும் ஒருவர் டைமிங் லைட்டில் 14 டிகிரி பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினால், புத்தகத்தைப் பின்பற்றியதாக நினைத்துக்கொண்டே இஞ்சினைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். அதன்பின் ஐடிலிங் சோர்ந்து விழும். அதைத் தூக்க ஐடிலிங் ஸ்க்ரூவை மேலும் திருகுவார். வேகம் இன்னும் கூடும்; அடுத்த முறை லைட் பிடிக்கும்போது இன்னும் பின்னுக்குப் போவார். ‘புத்தகப்படி வைத்தேன், நிற்கவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இந்தச் சுழலில் சிக்கியவையாக இருக்க வாய்ப்புண்டு.

பாயிண்ட் இடைவெளியும் இதோடு சேர்கிறது. லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி, பாயிண்ட் மூடியிருக்கும் கோணம் 60 டிகிரி, கூடவோ குறையவோ 3. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இந்தக் கோணம் ஒரு டிகிரி மாறினால் கிராங்க்கில் டைமிங்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். ஆகவே பாயிண்ட்டைச் சரிசெய்துவிட்டு டைமிங்கைத் தொடாமல் விட்டவர், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள்ளேயே 6 டிகிரி வரை நகர்ந்திருக்கக்கூடும். பாயிண்ட்டின் நைலான் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாகப் பின்னுக்குப் போவதும் இதே கணக்குதான். முதலில் பாயிண்ட், பிறகு டைமிங் என்ற பழைய மெக்கானிக்குகளின் வரிசை வெறும் வழக்கம் அல்ல.

அந்த எண் ஒரு புது டிஸ்ட்ரிபியூட்டரையும், தொய்வில்லாத டைமிங் செயினையும், அந்நாளைய பெட்ரோலையும் நம்பி எழுதப்பட்டது. அறுபது வயது இஞ்சினில் இவற்றில் ஒன்றுகூட அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செயின் தொய்ந்தால் கேம் சாஃப்ட் சற்றுப் பின்தங்கும். அதிலிருந்து ஓட்டம் பெறும் டிஸ்ட்ரிபியூட்டரும் கூடவே பின்தங்கும்.

காதை நம்புவோர்

இரண்டாவது நிலைப்பாடு புத்தகத்தையே ஒதுக்குகிறது. டாப் கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதி. லேசாக நாக்கிங் எனும் தட்டும் ஒலி கேட்டு உடனே அடங்கினால் டைமிங் சரி. கேட்காவிட்டால் முன்னே தள்ளு. தொடர்ந்து தட்டினால் பின்னே இழு. இதற்குப் பின்னால் உண்மையான வரலாறு உண்டு. 1920களில் ஹாரி ரிக்கார்டோ போன்றோர் நாக்கிங்கை ஆராய்ந்த காலத்தில், இஞ்சினின் திறனுக்கு வரம்பு கட்டியது எரிபொருள்தான். தாமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயச் சேர்மத்தைக் கண்டறிந்ததும், சில ஆண்டுகளில் ஆக்டேன் அளவுகோல் பிறந்ததும் அந்த வரம்பைத் தள்ளிவைக்கத்தான். எல்லை எரிபொருளில் இருந்தவரை, எல்லையைக் கேட்டறியும் காது நல்ல கருவி.

குறைந்த அழுத்த விகிதம் கொண்ட இஞ்சினுக்கு இன்றைய உயர் ஆக்டேன் பெட்ரோலை ஊற்றும்போது அந்த எல்லை காணாமல் போகிறது. குறைந்த ஆக்டேன் பெட்ரோல் கிடைத்த சந்தைகளுக்காகவே பி.எம்.சி. தன் இஞ்சின்களைக் குறைந்த அழுத்த வடிவத்திலும் விற்றது, எம்.ஜி.பி.யில்கூட 8.8க்குப் பதில் 8.0 விகித வடிவம் உண்டு. அப்படிப்பட்ட இஞ்சின் அதிக விசை தரும் புள்ளியைத் தாண்டி அட்வான்ஸ் ஆன பின்னும் தட்டாமல் இருக்கலாம். தட்டும்வரை முன்தள்ளுபவர் பயனுள்ள இடத்தைத் தாண்டிவிட்டார் என்று எந்த ஒலியும் அவருக்குச் சொல்லாது. செல்ஃப் எடுக்கும்போது பின்னுக்கு உதைப்பதுதான் முதல் அறிகுறியாக வரலாம். அதிவேகத்தில் எழும் நாக்கிங்கை இஞ்சின் சத்தம் மூடிவிடுவது இன்னொரு குறை. இஞ்சினைச் சேதப்படுத்துவது பெரும்பாலும் அந்தக் கேளாத நாக்கிங்தான்.

வெற்றிட மானி

இன்டேக் மேனிஃபோல்டில் மானியை மாட்டி, அளவு உச்சத்துக்கு ஏறும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பிறகு ஓர் அங்குலம் குறையும்படி பின்னே இழுப்பது மூன்றாவது முறை. கவர்ச்சியானது, இஞ்சினே தனக்கு வேண்டியதைச் சொல்கிறது என்று தோன்றும். ஐடிலிங்குக்கு அது உண்மையும்கூட. அந்நிலையில் சிலிண்டருக்குள் எஞ்சிய புகை அதிகம், கலவை மெலிந்து மெதுவாக எரியும். 25, 30 டிகிரி கொடுத்தாலும் இஞ்சின் மகிழ்ந்து ஏற்கும். சிக்கல் மேலே இருக்கிறது. தொடக்கத்தில் 25 கொடுத்து, எடைகள் 20 சேர்த்தால் 3500 சுற்றில் 45 டிகிரி. பி-சீரிஸ் போன்ற இஞ்சின் முழுச் சுமையில் பொதுவாக விரும்புவது முப்பதை ஒட்டிய அளவு. மானி கோளாறு காட்டுவதில் சிறந்தது: முள் சீராகத் துடித்தால் வால்வு, தாழ்ந்து நிலைத்தால் காற்றுக் கசிவு அல்லது தாமதமான டைமிங். டைமிங் வைப்பதற்கு அதை நம்புவது கடினம்.

மேலிருந்து கீழே

பந்தயக்காரர்களிடமிருந்து வந்த நான்காவது நிலைப்பாடு கேள்வியையே தலைகீழாக்குகிறது. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எடைகள் முழுதும் விரியும் வேகத்தில், 3000க்கு மேல், மொத்த அட்வான்ஸை அள. அதை 32 டிகிரி அளவில் நிறுத்து. ஐடிலிங்கில் எது வருகிறதோ வரட்டும். இஞ்சினுக்கு ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே அளக்கும் நேர்மை இதில் உண்டு. எடைகளின் மொத்த விரிவு டிஸ்ட்ரிபியூட்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வேறுபடும் என்பதே இதன் பலவீனம். வேறொரு காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டப்பட்டிருந்தால், மேலே 32 சரியாக இருக்க, கீழே இரண்டு டிகிரியோ இருபது டிகிரியோ இருக்கலாம்.

இங்கே ஸ்பிரிங்குகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஐடிலிங் கோளாறுகளில் இவ்வளவு குறைவாகக் கவனிக்கப்படும் பாகம் வேறு இருக்குமா என்பது ஐயமே. எடைகளைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்தால், ஐடிலிங் வேகத்திலேயே அட்வான்ஸ் ஏறத் தொடங்கும். அப்போது இஞ்சின் ஒரு கணம் சற்றுத் தளர்ந்தால் எடைகள் சுருங்கும், பொறி பின்தங்கும், விசை மேலும் குறையும், வேகம் மேலும் சரியும். வேகம் கூடினாலும் இதேபோல எதிர்த்திசையில். முள் 600க்கும் 1000க்கும் இடையே ஊஞ்சலாடும் இஞ்சினில் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் தீராத கோளாறு சில நேரம் இதுவாகவே இருக்கிறது. இன்றைய கணினி இஞ்சின்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன: வேகம் சரிந்தவுடன் பொறியை முன்தள்ளித் தாங்கிப் பிடிக்கின்றன. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்த வசதி கிடையாது. எடைகள் கண் திறப்பதற்குக் கீழே ஐடிலிங் வேகத்தை வைப்பது ஒன்றே அதனால் முடிந்தது. ஐடிலிங்கைக் காரணமில்லாமல் உயர்த்தி வைப்பது நோயை மறைத்து வளர்ப்பதாகும் என்று நினைக்க இடமிருக்கிறது.

குழாயை எங்கே மாட்டுவது?

வெற்றிடச் சவ்வின் குழாயைக் கார்புரேட்டரின் திராட்டில் விளிம்பருகே உள்ள துளையில் மாட்டினால், ஐடிலிங்கில் வெற்றிடம் எட்டாது, சவ்வு தூங்கும். மேனிஃபோல்டில் மாட்டினால் ஐடிலிங்கிலேயே முழு அட்வான்ஸ் கிடைக்கும். மேனிஃபோல்டுக் கட்சியினர், கார்புரேட்டர்த் துளை என்பது 1960களின் அமெரிக்கப் புகைச் சட்டங்களுக்காகப் புகுத்தப்பட்ட சமரசம் என்கின்றனர். பொறியைத் தாமதித்துப் புகையைச் சூடாக்கினால் எரியாத ஹைட்ரோகார்பன் குறையும் என்பதால், பல அமெரிக்க இஞ்சின்களில் அப்படிச் செய்யப்பட்டது உண்மையே. ஆனால் 1950களின் பிரிட்டிஷ் கார்களே எஸ்.யு. கார்புரேட்டரின் விளிம்புத் துளையிலிருந்து குழாய் எடுத்தன. அப்போது அவ்விதச் சட்டம் ஏதும் இல்லை. ஆகவே வரலாற்று வாதம் பாதியளவே நிற்கிறது.

மெல்ல எரியும் ஐடிலிங் கலவைக்குக் கூடுதல் அட்வான்ஸ் நல்லது, இஞ்சின் குளிர்ந்தே ஓடும் என்ற அவர்களது பொறியியல் வாதத்தில் வலு அதிகம். மறுபக்கம், வேகம் சரியும்போது வெற்றிடமும் சரியும். சவ்வு கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும். நல்ல வெற்றிடம் உள்ள, தேயாத இஞ்சினில் இது தெரியாது. தேய்ந்த இஞ்சினில் ஸ்பிரிங் கதையே இன்னொரு முறை நடக்கும். எது சரி என்பதை இஞ்சினின் நிலையை விட்டுவிட்டுத் தீர்க்க முடியாது என்றே படுகிறது. சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இந்த வாதத்தில் இறங்குவதில் பயனில்லை. குழாயை வாயில் வைத்து இழுத்தாலே அது தெரிந்துவிடும்.

கரண்டா, கார்புரேட்டரா?

கார்புரேட்டர்க் கோளாறு என்று தோன்றுவதில் பெரும்பங்கு கரண்டுக் கோளாறே என்பது மெக்கானிக்குகளிடையே உலகெங்கும் வழங்கும் வாக்கு. தலைமுறை தலைமுறையாக நின்றதால் அதில் அனுபவ உண்மை இருக்க வேண்டும்; ஆனால் கார்புரேட்டரின் வகையை அது கணக்கில் எடுப்பதில்லை. அம்பாசடரில் பரவலாக இருந்த சோலெக்ஸில் ஐடிலிங்குக்கென்று தனி ஜெட் உண்டு. அதில் ஒரு துகள் அடைத்தால் ஐடிலிங் மட்டும் நின்று, ஓட்டத்தில் வண்டி பறக்கும். இரட்டை எஸ்.யு. கொண்ட எம்.ஜி.பி.யில் தனி வழி கிடையாது; ஒரே ஜெட், ஒரே ஊசி. அங்கே ஐடிலிங் மட்டும் கெட்டால் அடைப்பைத் தேடுவதைவிட, தேய்ந்த திராட்டில் ஸ்பிண்டில் வழியே காற்று புகுகிறதா, இரண்டு கார்புரேட்டரும் சமமாக இழுக்கின்றனவா என்று பார்ப்பது பொருத்தம். எஸ்.யு.வின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்கிப் பார்க்கும் பழைய சோதனை இன்றும் செல்லும்: வேகம் கணநேரம் ஏறி அடங்கினால் கலவை சரி, ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம், விழுந்தால் குறைவு.

சூடான பின் அணையும் கோளாறு தனி ரகம். வெயில் காலத்தில் எல்லோரும் பெட்ரோல் ஆவியாகிப் பைப்பில் அடைத்துக்கொண்டது என்பார்கள். சூடேறியதும் செத்து, ஆறியதும் உயிர்பெறும் கண்டன்சரும் காயிலும் அதே நாடகத்தை நடத்தும். காயிலிலிருந்து இயங்கும் டேக்கோமீட்டர் இருந்தால், அணையும் நொடியில் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கரண்டு, இஞ்சினோடு மெல்ல இறங்கினால் பெட்ரோல் என்று ஓரளவு பிரித்தறியலாம். மாற்று உதிரிகளாக வரும் கண்டன்சர், ரோட்டார் சிலவற்றின் தரம் பழையவற்றுக்கு ஈடாக இல்லை என்பது பரவலான குறை. பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ஆணியின் வழியே உயர் மின்னழுத்தம் ஷாஃப்டுக்குக் கசியும் ரோட்டார்கள் பல இஞ்சின்களைக் காரணம் தெரியாமல் நிறுத்தியிருக்கின்றன. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். காலத்து டிஸ்ட்ரிபியூட்டர்களும் ரோட்டார்களும் பழைய கடைகளில் கிடைத்தால் ஆர்வலர்கள் விடாமல் வாங்கி வைப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும் இரண்டுக்கும் முந்தியவை. அவை சரியில்லாத இஞ்சினில் டைமிங், கார்புரேட்டர் இரண்டில் எதைத் தொட்டாலும் ஒரு பிழையால் இன்னொன்றை ஈடுகட்டுவதாகவே முடியும்.

பாயிண்ட்டைத் தூக்கியெறிந்தால்?

காந்தத்தாலோ ஒளியாலோ இயங்கும் மின்னணு அமைப்பைப் பாயிண்ட்டின் இடத்தில் வைப்பது இன்று பரவலான தீர்வு. குதிகால் தேய்வும் இடைவெளி மாற்றமும் ஒழிகின்றன. அது உறுதியான லாபம். ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கும், துருவேறி ஒட்டிய எடையும், கிழிந்த சவ்வும் அப்படியே உள்ளே இருக்கும். பொருந்தாத மின்தடை கொண்ட காயிலோடு சேர்த்தால் கருவி சூடாகிச் சாகும். சாகும்போது முன்னறிவிப்பு தராது. முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றி, அட்வான்ஸ் வரைகோட்டைக் கணினியில் எழுதிக்கொள்ளும் வகைகள் பழைய சிக்கலைத் தீர்க்கின்றன. எந்த வரைகோட்டை எழுதுவது என்ற கேள்வியைப் புதிதாகத் திறக்கின்றன.

எரிபொருள் மாறிய பின்

இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் வந்தது. அண்மையில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ-20 நாடெங்கும் வழக்கமாகியிருக்கிறது. அதன் ஆக்டேன் எண் 95 என்பதால் நாக்கிங் பயம் குறைந்தது. ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் உண்டு. தூய பெட்ரோலின் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால் இ-20க்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டில் ஓடும் கார்புரேட்டர் இதை உணராது. கலவை சுமார் 8 விழுக்காடு மெலிந்துபோகும். மெலிந்த கலவை மெல்ல எரியும். முந்தைய பொறியைக் கேட்கும். எத்தனால் சுவாலையோ சற்று விரைவானது. இரண்டில் எது வெல்லும் என்பது இஞ்சினின் அறை வடிவத்தையும் சுமையையும் பொறுத்தது. முதலில் எஸ்.யு.வின் ஜெட்டை இறக்கியோ சோலெக்ஸின் ஜெட்டைப் பெரிதாக்கியோ கலவையை மீட்டெடுத்து, பிறகு டைமிங்கைத் தேடுவதே நியாயமான வரிசையாகத் தெரிகிறது. மெலிந்த கலவையை அட்வான்ஸால் ஈடுகட்டுவது அடுத்த தலைமுறைக்கு இன்னொரு தவறான எண்ணைத் தரும்.

இதுவரை பார்த்த நிலைப்பாடுகள் எல்லாம் வரைகோட்டின் ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டவை. புத்தகமும் மானியும் கீழ்முனையைப் பிடித்தன; காது நடுவை; பந்தயக்காரர் மேல்முனையை. வயதான டிஸ்ட்ரிபியூட்டரில் கெட்டுப்போவது புள்ளிகளுக்கு இடையிலுள்ள வளைவு. பிஸ்டன் தடுப்பான் வைத்து உண்மையான உச்சத்தைப் புல்லியில் குறித்து, குழாயைக் கழற்றி, 600, 1000, 1500, 2000, 3000 சுற்றுகளில் டைமிங் லைட் காட்டும் டிகிரியை ஒரு தாளில் எழுதினால், அரை மணி நேரத்தில் அந்த வளைவு கிடைத்துவிடும். தயாரிப்பாளரின் வரைகோட்டோடு அதை ஒப்பிட்டால் ஸ்பிரிங் தளர்ந்ததா, எடை ஒட்டியதா என்பது தெரியும். இ-20 ஊற்றி ஓடும் 8.0 அழுத்த விகித இஞ்சினுக்கு அந்த வளைவு பழையபடியே இருக்கலாமா, கீழ்முனையில் இரண்டு மூன்று டிகிரி கூட வேண்டுமா என்பது அப்படி அளந்த தாள்கள் பல சேர்ந்த பிறகே பேசத்தக்க கேள்வி.